"ஆறுதலாக": ஒரு டைம்கீப்பரின் சொல் விளக்கம்

மு. ஸெய்னுதீன்,
ஓய்வுபெற்ற டைம்கீப்பர் (துறைமுகம்),
துறையடி வீதி, கிண்ணியா.
3.8.1974, காலை 6.40

கனம் பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

சலாம். தாங்களும் தங்கள் கந்தோரில் உள்ளவர்களும் அச்சு யந்திரமும் ஒரு குறையுமின்றி இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கு நானும், என் மனைவி சித்தி பரீதாவும், மகள் உம்மு குல்சும்மும், மூன்று வருடமாகக் கூரை இல்லாமல் நிற்கும் நான்கு சுவர்களும் நலம்.

தங்கள் வாரப் பதிப்பில், வாசகர்கள் தத்தம் ஊரில் வழங்கும் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருள், பிறப்பு, பயன்பாடு ஆகியவற்றை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி, ஓகஸ்ட் 15ஆம் திகதிக்கு முன் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் பன்னிரண்டு நாள் முந்தியே எழுதுகிறேன். இப்படி முந்திக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்கிற ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்பது, இதை வாசித்து முடிக்கும்போது தங்களுக்கே விளங்கும்.

நான் எடுத்துக்கொண்ட சொல் "ஆறுதலாக". வாயால் சொல்லும்போது "ஆறுதலா". மெதுவாக, அவசரமில்லாமல் என்று பொருள் எழுதினால் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். போதாது. மெதுவாகப் போகிறவன் எப்படியும் போய்ச் சேருவான். எங்கள் ஊரில் ஒருவர் "ஆறுதலாச் செய்வம்" என்று சொன்னால், செய்வதாக அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், எப்போது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமற் போய்விட்டது என்று பொருள்.

பிறப்பு விஷயமாக நானே ஆராய்ச்சி செய்தேன். எல்லாம் தேத்தண்ணியில் இருந்துதான் பிறந்திருக்க வேண்டும். கொதிக்கிறது ஆற வேண்டும், ஆறும் வரைக்கும் மனிதன் சும்மா இருக்க வேண்டும், அந்தச் சும்மா இருக்கிறதுக்கு ஒரு மரியாதையான பெயர் வேண்டும். எங்கள் வீட்டு மேசன் தங்கத்துரைக்கு முன்னால் வைத்த பிளேன்டீ ஒன்றை மணிக்கூடு பிடித்துப் பார்த்தேன். ஆறுவதற்குப் பதினொரு நிமிடம். குடிப்பதற்கு ஒன்பது. குடித்த களைப்பு ஆறுவதற்கு இருபத்தைந்து. இதற்கு மேல் மொழி ஆராய்ச்சிக்கு ஆதாரம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனிப் பயன்பாடு. இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும், பக்கம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளவும். நான் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவன். காலையில் சங்கு ஊதினால் கேற்றடியில் வரவு பதிகிற இடாப்போடு நிற்பேன். சங்குக்குப் பிறகு வந்தவன் வெள்ளைக்காரத் துரையாக இருந்தாலும் "பிந்தி" என்று சிவப்பு மையில் எழுதுவேன். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனான், சங்கு போகவில்லை, நானும் போகவில்லை. பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், கேற்றுக்கு வெளியே சங்கு யாருக்கும் கேட்பதில்லை என்று தெரிந்தது. ஊரில் என்னைக் "கீப்பர்" என்று கூப்பிடுகிறார்கள். மரியாதையாகத்தான் என்று முதலில் நினைத்தேன்.

என் ஒரே மகள் குல்சும்முக்கு 1971இல் ஒரு மாப்பிள்ளை பேசினேன். பெயர் கலீலுர் றஹ்மான், சீனன்குடாவில் ஸ்டோர் கிளார்க். பேசி முடிக்க வந்த அன்று நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி, மூன்று ஐம்பத்திரண்டுக்கு வாசலில் நின்றார். எட்டு நிமிடம் முந்தி! அதற்குப் பிறகு அவருடைய குணம் நடை பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கள் பக்கத்து வழமை என்னவென்றால், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். வீடு முடியாமல் கலியாணம் இல்லை. ஆகவே என் மகளுடைய கலியாணம் முழுக்க முழுக்க ஒரு மேசனுடைய கையில் இருக்கிறது. அந்தக் கையில் எந்நேரமும் ஒரு பிளேன்டீக் கோப்பையும் இருக்கிறது.

தங்கத்துரை ஈச்சிலம்பற்று ஆள். நல்ல வேலைகாரன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை, வேலை செய்ததைப் பார்த்தால்தானே மறுக்கலாம். அத்திவாரம் போட்ட அன்று "எப்ப முடியும்?" என்று கேட்டேன். "ஆறுதலா முடிப்பம் கீப்பர் ஐயா, வீடெண்டது ஒருக்காத்தானே கட்டுறது" என்றான். ஒருக்கா இல்லை, ஆசிரியர் அவர்களே. யன்னல் சுவரை மட்டும் மூன்று தரம் கட்டியிருக்கிறான். கட்டி முடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். "நூலுக்கு ஒரு விரல் வெளிய நிக்குது ஐயா, பிரிச்சுக் கட்டுவம்" என்பான். நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மற்றக் கண்ணையும் மூடிப் பார்த்தேன், எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு விரல் பிழைக்காகச் சுவரையே பிரிக்கிறவனை, ஒரு நிமிடப் பிழைக்காகச் சிவப்பு மை தொட்ட நான் எப்படிக் குறை சொல்லுவது?

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டுமென்று, முருங்கை மரத்தில் ஆணி அடித்து ஒரு இடாப்பைத் தொங்கவிட்டேன். விசிலும் வாங்கினேன். காலை எட்டு மணிக்கு விசில் ஊதினால் அவன் வந்து ஒப்பம் வைக்க வேண்டும். வைத்தான். ஒரு நாளும் பிந்தவில்லை, அந்தப் பெருமையை அவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சரியாக எட்டுக்கு வந்து, வடிவான எழுத்தில் ஒப்பம் வைத்து, சரியாக எட்டு ஒன்றுக்குச் சுவருக்கு முன்னால் குந்தி இருந்து சுவரைப் பார்ப்பான். "என்ன பார்க்கிறாய்?" என்றால் "காயட்டும் ஐயா" என்பான். முப்பத்திரண்டு வருடத்தில் என்னுடைய இடாப்பில் இப்படி நேரம் தவறாமல் வேலை செய்யாமலிருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

அடுத்தது சீமெந்து. இந்தக் காலத்தில் சீமெந்து எடுப்பது என்ன பாடு என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலு மாதம் அலைந்து பெர்மிட் எடுத்து, போன மார்கழியில் திருகோணமலை நகரத்தில் பத்து மூட்டை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு, பின்னேரம் மூன்று பத்துக்குப் பாதையில் ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது, வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கிற மிதவைப் படகை. அதில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாதை புறப்பட்டு நடுத்தண்ணிக்குப் போன பிறகும், கரையில் நின்று யாராவது குடையை உயர்த்திக் காட்டினால் அது திரும்பி வரும். குடை இல்லாவிட்டால் சால்வையைக் காட்டினாலும் வரும். "அப்பிடி எத்தினை தரம் திரும்புறது?" என்று பாதைக்கார முஹம்மது தம்பியிடம் கேட்டால், "விட்டிட்டுப் போனா அந்த மனிசன்ட மனம் என்ன பாடுபடும் கீப்பர்? ஆறுதலாப் போவமே" என்பார். அன்றைக்கும் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, நான் மூட்டைகளுக்கு மேலே கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், கரையில் ஒரு பொம்பிளை குடையைக் காட்டுகிறா. திரும்பினோம். கிட்டப் போனதும் அவ சொல்லுறா, "நான் இந்தப் பாதையில வரல்ல தம்பி, அதைச் சொல்லத்தான் காட்டினனான்." மழை கொட்டியது. ஏழு மூட்டை தப்பியது. மூன்று மூட்டை கல்லாகிப் போய், இப்போது எங்கள் வளவில் கதிரையாகக் கிடக்கிறது. தங்கத்துரை சுவரைப் பார்ப்பது அதில் ஒன்றில் குந்தி இருந்துதான்.

துறையடியில் ஐம்பது யார் தூரத்துக்குள் குடை, சால்வை முதலியவற்றை உயர்த்துவதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். யாரிடம் கொடுப்பது என்று விசாரித்தபோது, முஹம்மது தம்பியிடம்தான் என்றார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆறுதலா வாசிக்கிறன் கீப்பர்" என்றார். மனு இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

போன கிழமை மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஆள் வந்தது. நோன்பு பிறப்பதற்கு முன்னம் கூரை ஏற வேண்டும், ஏறாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நோன்புக்கு ஆறு கிழமை, நாற்பது சொச்சம் நாள்தான் இருக்கிறது. பிள்ளைக்கு இருபத்தாறு வயது. எட்டு நிமிடம் முந்தி வந்த மாப்பிள்ளையை மூன்று வருடம் காக்க வைத்த வெட்கத்தில் எனக்கு நித்திரை இல்லை. தங்கத்துரையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான், தேத்தண்ணி வருகிற குசினிப் பக்கம் பார்த்தான், "பாப்பம் ஐயா, ஆறுதலா" என்றான். அன்றைக்கு இரவே தங்கள் போட்டிக்கு இந்தச் சொல்லைத்தான் எழுதுவதென்று முடிவெடுத்தேன்.

இன்னும் ஒரு பயன்பாடு, இதோடு முடிக்கிறேன். இந்தத் தொற்று வெளியாட்களோடு நின்றுவிடவில்லை, என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மூன்று வருடமாக என் மகள் வாரத்துக்கு ஒரு தரமாவது வந்து, "வாப்பா, உங்களோட ஆறுதலா ஒரு கதை கதைக்கணும்" என்பாள். நான் மணிக்கூட்டைப் பார்த்து, "சொல்லு, ரெண்டு நிமிசம் இருக்கு" என்பேன். "ரெண்டு நிமிசத்தில ஏலாது வாப்பா" என்பாள். "அப்ப எழுதித் தா" என்பேன். போய்விடுவாள். ஒரு கதைக்கு இரண்டு நிமிடம் போதாதா? ஆயிரத்து நானூறு பேரை இருபது நிமிடத்தில் கேற்றுக்குள் அனுப்பியவன் நான். தாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தே மேசனைக் கெடுத்தாள், மகள் கதைக்கக் கூப்பிட்டு என்னைக் கெடுக்கப் பார்க்கிறாள்.

ஆகவே இந்தச் சொல்லை அகராதியில் சேர்க்க வேண்டாம் என்றும், சேர்ந்திருந்தால் எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் எட்டு மணிக்கு வந்து வேலையும் செய்கிற மேசனும், குடையில்லாத துறையும் வாய்க்க துஆச் செய்கிறேன். ஒரு பக்கம் கேட்டீர்கள், ஏழு பக்கம் வந்திருக்கிறது. நேரத்தில் வந்ததைக் கருதி மன்னிக்கவும்.

இங்ஙனம்,
மு. ஸெய்னுதீன்

பி.கு. (30.8.1974. நேரம் பார்க்கவில்லை.)

திகதியைப் பார்த்துத் தாங்கள் திடுக்கிட வேண்டாம். ஓகஸ்ட் 15 போய்ப் பதினைந்து நாளாகிறது என்பது எனக்கும் தெரியும். என்னுடைய பெயருக்கு நேரே "பிந்தி" என்று சிவப்பு மையில் எழுதிக்கொள்ளவும்.

நடந்தது இதுதான். மூன்றாம் திகதி கடிதத்தை மடித்து, முத்திரை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லிக் குல்சும்மிடம் கொடுத்தேன். பின்னேரம் அவள் கடிதத்தோடேயே திரும்பி வந்தாள். வாசித்திருக்கிறாள். வளவுக்குப் போய், கல்லாய்ப் போன சீமெந்து மூட்டை ஒன்றில் இருந்தாள், பக்கத்து மூட்டையை எனக்குக் காட்டினாள். "வாப்பா, மணிக்கூட்டைக் கழட்டிக் குடுங்க" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் குளிக்க மட்டும் கழற்றிய மணிக்கூடு. ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் அதைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து கதைக்கத் தொடங்கினாள்.

அவளுக்குக் கலீலுர் றஹ்மானை முதல் நாளே பிடிக்கவில்லையாம். எட்டு நிமிடம் முந்தி வந்தவர், உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "வீட்டில ஒருத்தர் போதும் வாப்பா" என்றாள். அவளுக்கு ஆசிரியையாக வர விருப்பம். கலாசாலைக்கு இரண்டு தரம் விண்ணப்பம் போட்டுக் கிடைக்கவில்லை. இந்த முறை கிடைத்திருக்கிறது, அளுத்கமையில் இரண்டு வருடம். கடிதம் வந்து ஒரு மாதம், அரிசிப் பானைக்குக் கீழே வைத்திருந்திருக்கிறாள். எனக்குச் சொல்ல மூன்று வருடமாக வந்து வந்து போயிருக்கிறாள். சொல்ல முடியாமல், வீடு முடியாவிட்டால்தானே கலியாணம் இல்லை என்று யோசித்து, தங்கத்துரையிடம் போய், "அண்ணன், ஆறுதலாக் கட்டுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

கோபம் வந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். அடுத்த நாள் எட்டு மணிக்கு விசில் ஊதவில்லை, நேரே போய் அவனைப் பிடித்தேன். "யன்னல் சுவர்?" என்றேன். "நேராத்தான் நிண்டது ஐயா, மூண்டு தரமும்" என்றான். என்னுடைய வீட்டில் சம்பளத்துக்கு நின்றுகொண்டு என் பிள்ளையோடு சேர்ந்து என்னை ஏமாற்ற உனக்கு என்ன துணிச்சல் என்று சத்தம் போட்டேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "என்ட மகளை நான் விருப்பமோண்டு ஒரு கதை கேளாமக் கட்டிக் குடுத்தனான், கீப்பர் ஐயா. வெருகல் பக்கம் இருக்கிறாள். நல்லா இருக்கிறாளெண்டுதான் சொல்லுறாள், ஆனா என்னோட கதைக்கிறதில்லை. உங்கட பிள்ளை கேட்டது கொஞ்ச நேரந்தானே. சுவரைத் திருப்பிக் கட்டலாம்" என்றான். குசினிக்குப் போனேன். பரீதாவிடம், "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். "உங்களுக்குச் சொல்லத்தான் பார்த்தம். நீங்க மணிக்கூட்டைப் பார்த்தீங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது, ஆசிரியர் அவர்களே. அறுபத்தொரு வயதில் குசினி வாசலில் நின்று அழுதேன்.

சம்பந்தத்தை முறிக்க நானே சீனன்குடாவுக்குப் போனேன். கலீலுர் றஹ்மான் ஒன்றும் கோபிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று, மூதூரில் வீடு முடிந்த பெண் ஒருத்தியை மூன்று மாதத்துக்கு முன்னமே பேசி வைத்துவிட்டாராம். எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிற மனிதர்.

தங்கத்துரை மிச்ச வேலை முழுவதையும், கூரை, ஓடு, கதவு, யன்னல், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து, ஒன்பது நாளில் முடித்துவிட்டான். ஒன்பது நாள்! பிளேன்டீயைச் சூட்டோடு குடித்தான். வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, திறப்பு குல்சும்மிடம்.

கடிதத்தை ஏன் இவ்வளவு நாள் தபாலில் போடவில்லை என்று கேட்பீர்கள். அவள் கதை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அந்த மூட்டைகளில் இருந்து கதைக்கிறோம். மூன்று வருடத்துக் கதை இருக்கிறது. முதல் பக்கத்தில் நான் எழுதிய பொருளை அடித்துவிட்டு, "மற்ற ஆள் சொல்லி முடிக்கும் மட்டும் இருந்து" என்று திருத்திக்கொள்ளவும். சொல்லை அகராதியை விட்டு எடுக்கச் சொன்னதையும் வாபஸ் வாங்குகிறேன்.

அவள் வருகிற திங்கட்கிழமை போகிறாள். பின்னேரப் பாதையில் துறையைக் கடந்து, நகரத்தில் ரெயில் எடுக்க வேண்டும். முஹம்மது தம்பியிடம் போய் என் மனுவைத் திருப்பித் தரச் சொன்னேன், இடுப்பில் இருந்து எடுத்துத் தந்தார், கிழித்துத் தண்ணியில் போட்டேன். இதைக் கேள்விப்பட்ட குல்சும் நேற்று என்னைப் பிடித்து, "வாப்பா, திங்கக்கிழமை துறையடிக்குக் குடையோட வரமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

குடை கொண்டு போகமாட்டேன். சால்வையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மு.ஸெ.